சோலையாற்றோடு இறங்கும் சாலை

வால்பாறையிலிருந்து மலக்கப்பாறை வழியாகச் சாலக்குடிக்கு இறங்கும் சாலையைப் பற்றி யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: "ரோடு எப்படி இருக்கு?" சில இடங்களில் நன்றாக இருக்கிறது. சில இடங்களில் தார் பெயர்ந்து ஜல்லி தெரிகிறது. எதிரே பஸ் வந்தால் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்க இடம் தேட வேண்டும். நடுவே ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குக் கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, பெரும்பாலான இடங்களில் செல்போன் சிக்னலும் கிடையாது. மாலையானால் வனத்துறை இரண்டு பக்கமும் வழியை மூடிவிடும். இதெல்லாம் இப்படியே இருக்கட்டும் என்பது என் ஆசை. ஏன் என்று சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமாகவே போகும்.

முதலில் திசையைச் சொல்லிவிடுகிறேன். ஆழியாறு வழியாக 40 கொண்டை ஊசி வளைவு ஏறி வால்பாறைக்கு வருகிறவர்கள் மலையின் முதுகுப் பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அது மழை மறைவுச் சரிவு. கோடையில் பாறையும் இலையுதிர்ந்த மரமுமாகக் காய்ந்து கிடக்கும். சுமார் 3,500 அடி உயரத்தில் வால்பாறை மேட்டுநிலம் வந்ததும் காற்றே மாறிவிடும். அரபிக்கடலிலிருந்து ஜூனில் கிளம்பி வரும் தென்மேற்குப் பருவக்காற்று மலையில் முட்டி, மேலேறி, குளிர்ந்து, சுமந்து வந்ததையெல்லாம் கொட்டுவது இந்த மேற்கு முகத்தில். தமிழ்நாட்டிலேயே அதிக மழை பெய்யும் சின்னக்கல்லாறு வால்பாறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. அந்த மழையில் எழுந்தது காடு. காட்டில் ஊறி வருவது ஆறு. ஆறு போகும் வழியையே பார்த்து இறங்குகிறது சாலை. சாலக்குடி வரை சுமார் 110 கிலோமீட்டர். அங்கிருந்து மாளா வழியாக இன்னும் முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் முன்பின் போனால் கொடுங்கல்லூர், அழீக்கோடு, கடல். காலையில் கம்பளிக் குல்லாவோடு கிளம்பினால் மதியத்துக்கு மேல் வியர்த்து வழியக் கடற்கரையில் நிற்கலாம்.

ஜனவரிக் கடைசியில் போனோம். நான் ஓட்ட, என் தாய்மாமா பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். எஸ்டேட் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயன் வீட்டில் பிறந்தவர். வால்பாறைத் தேயிலைத்தூளைக் கொச்சி ஏலத்துக்குக் கொண்டுபோகும் லாரியை ஓட்டியே தலை நரைத்தவர். லாரி எப்போதும் பொள்ளாச்சி, பாலக்காடு என்று சுற்றித்தான் போகும். இந்த வழியில் அவர் போனதெல்லாம் பஸ்ஸில், ஜன்னலோரம் உட்கார்ந்து. அதனால்தான் இந்தச் சாலை மேல் அவருக்கு இவ்வளவு பிரியம் என்று நினைக்கிறேன். ஓட்டுகிறவருக்கு வளைவு மட்டும்தான் தெரியும்.

புதுத்தோட்டத்திலிருந்து தொடங்க வேண்டும் என்றார். அது வால்பாறை ஊருக்கு முன்பே, பொள்ளாச்சிப் பக்கம் இருக்கிறது. எங்கள் வழிக்கு எதிர்த்திசை. இருந்தாலும் திருப்பினேன். அங்கே சாலைக்கு மேலே, இந்தப் பக்கத்து மரத்துக்கும் அந்தப் பக்கத்து மரத்துக்கும் நடுவே பாலங்கள் கட்டித் தொங்கவிட்டிருக்கிறார்கள். மனிதர் நடப்பதற்கான பாலம் இல்லை. சிங்கவால் குரங்குக்கு.

உலகத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர வேறெங்கும் இல்லாத குரங்கு அது. மரத்தின் உச்சியிலேயே பிறந்து வளர்ந்து சாகப் பழகிய உயிர். வால்பாறை மேட்டுநிலத்தில் 220 சதுர கிலோமீட்டர் அளவுக்குத் தேயிலையும் காப்பியும் வந்தபின், மழைக்காடு துண்டு துண்டாகத் தேயிலைக்கு நடுவே நின்றுபோனது. துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சாலை. மரக்கிளைகள் கூடாத இடத்தில் குரங்கு தரையில் இறங்கித்தான் கடக்க வேண்டும்; இறங்கினால் வண்டிச் சக்கரம். அதற்காகத்தான் பாலம். இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பா, டி.ஆர். சங்கர் ராமன் போன்றவர்கள் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்தத் துண்டுக் காடுகளை மீட்டெடுக்கும் வேலையில் இருக்கிறார்கள். எஸ்டேட் நிர்வாகங்களோடு பேசி, களை எடுத்து, அந்தந்த இடத்துக்கே உரிய மரக்கன்றுகளைத் தேடி வளர்த்து நடுகிறார்கள். மழைக்காட்டு மரம் வளர்ந்து குடை விரிக்க ஒரு மனிதரின் வேலைக்காலம் போதாது. அது தெரிந்தே நடுகிறவர்களை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்ந்துவிடும்.

வெடிப்பலா பூக்கிற காலம் அது. கிளையை ஒட்டியே கொத்துக் கொத்தாகப் பூக்கும். இந்தக் குரங்குக்கு அந்தப் பூவும், பின்னால் வரும் முள்காயின் விதையும் முக்கியமான சாப்பாடு. நாங்கள் பார்த்தபோது ஒரு கூட்டம் அதைத்தான் கிள்ளித் தின்றுகொண்டிருந்தது. கீழே சாலையில் ஒரு கார்க்காரர் சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்துக் காட்டிக் கூப்பிட்டார். மாமா இறங்கிப் போய், "போடாதீங்க தம்பி. உங்ககிட்ட ஒருக்கா வாங்கித் தின்னுட்டா நாளைக்கு வர்ற எல்லா வண்டிக்கும் கீழ இறங்கி வரும். அடிபட்டுச் செத்துரும்" என்றார். அந்தத் தம்பி பாக்கெட்டை மடித்து உள்ளே வைத்துக்கொண்டார். சொல்கிற விதத்தில் சொன்னால் கேட்கிறார்கள்.

வால்பாறையைத் தாண்டி மேல் சோலையாறு அணை வரை தேயிலைதான். வெட்டி ஒழுங்குபடுத்திய பச்சை, நடுநடுவே சில்வர் ஓக். படம் எடுக்க அழகு. இந்த மலைகளில் 1890களில் தொடங்கிய வேலை இது. காட்டை வெட்டியவர்களும் தேயிலை நட்டவர்களும் சமவெளியிலிருந்து கூட்டி வரப்பட்ட ஏழைத் தமிழர்கள். மலைக்காய்ச்சலில் செத்தவர்கள் போக மிஞ்சியவர்களின் பிள்ளைகள்தான் லயன்களில் நிறைந்தார்கள். இப்போது அவர்களின் பேரப்பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் போய்விட, கொழுந்து பறிக்க ஜார்க்கண்டிலிருந்தும் அசாமிலிருந்தும் குடும்பங்கள் வருகின்றன. யானையும் சிறுத்தையும் நடமாடும் வழிகள் அவர்களுக்குப் புதிது. யானை எங்கே நிற்கிறது என்பதைச் செல்போன் குறுஞ்செய்தியிலும், மேடான இடங்களில் எரியும் சிவப்பு விளக்கிலும் தெரிவிக்கும் ஏற்பாடு 2011 வாக்கில் இங்கே வந்தது. அதை உருவாக்கிய எம். ஆனந்தகுமாருக்கு 2015இல் இயற்கைப் பாதுகாப்புக்கான விட்லி விருது கிடைத்தது. விளக்கைப் பார்த்துவிட்டு அந்தி நேரத்தில் வேறு வழியாக வீட்டுக்குப் போனவர்களை எனக்கே தெரியும். மொழி தெரியாதவருக்கும் சிவப்பு விளக்கு புரியும்.

அணை வந்ததும் வண்டியை ஓரம் கட்டினோம். இந்த இடத்தில் கொஞ்சம் தண்ணீர்க் கணக்குப் பேசியே ஆக வேண்டும். ஏனென்றால் சாலை முழுக்க இந்தத் தண்ணீர் கூடவே வரப்போகிறது.

சோலையாறு இயல்பாக மேற்கே ஓடி, சாலக்குடி ஆறாகி, கேரளக் கடலில் சேர வேண்டிய ஆறு. அதில் ஒரு பங்கை மறித்து, சுரங்கம் வழியாகப் பரம்பிக்குளத்துக்குத் திருப்பி, கிழக்கே பொள்ளாச்சி, உடுமலை வயல்களுக்குக் கொண்டுபோவதுதான் பி.ஏ.பி. என்று நாங்கள் சொல்லும் பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். என் அப்பாவின் தென்னந்தோப்பு இந்தத் தண்ணீரில்தான் பிழைக்கிறது. தமிழ்நாடும் கேரளமும் 1970 மே 29இல் கையெழுத்திட்ட ஒப்பந்தம், 1958 நவம்பர் 9 முதலே செல்லும் என்று எழுதப்பட்டது. அதன்படி ஆண்டுக்கு 12.3 டி.எம்.சி. தண்ணீர் கீழே கேரளத்தின் சோலையாறு அணைக்குப் போக வேண்டும். அந்த அணை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பர் 1ஆம் தேதியும் பிப்ரவரி 1ஆம் தேதியும் நிறைந்து நிற்க வேண்டும். பொள்ளாச்சியில் வளர்ந்த எனக்கு, மேற்கே போகும் தண்ணீர் வீணாகக் கடலில் கலக்கிறது என்றுதான் சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தார்கள். இந்தச் சாலையில் கடைசி வரை போய்ப் பார்த்தால் அந்தப் பேச்சு நாக்கில் வராது.

மலக்கப்பாறையில் தமிழ்நாடு முடிகிறது. செக்போஸ்ட்டில் வண்டி எண், நேரம், எத்தனை பேர், எத்தனை பிளாஸ்டிக் பாட்டில் என்று எல்லாம் எழுதிக்கொள்கிறார்கள். மறுமுனையான வாழச்சாலில் சீட்டைக் காட்ட வேண்டும். ரொம்ப நேரம் கழித்துப் போனால் எங்கே நின்றீர்கள் என்று கேட்பார்கள். நல்ல ஏற்பாடு. காட்டுக்குள் இறங்கிச் சமைத்துக் குடித்துக் குப்பையைப் போட்டுவிட்டுப் போகும் பழக்கத்தை வேறெதுவும் தடுக்காது.

அங்கே ஒரு சின்ன ஓட்டலில் புட்டும் கடலைக்கறியும் சாப்பிட்டோம். கடைக்கார அம்மா எங்களிடம் தமிழ் பேசினார், சமையல்காரரிடம் மலையாளம் பேசினார், போனில் இரண்டையும் கலந்து பேசினார். "கீழ போறீங்களா சேச்சி? வாழச்சால் வரைக்கும் டீ கிடைக்காது, இன்னொண்ணு குடிச்சுட்டுப் போங்க" என்று கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தார்.

அதற்கப்புறம் காடு.

தேயிலை சட்டென்று நின்றுவிடுகிறது. கொஞ்ச தூரத்துக்கு இடப்பக்கமோ வலப்பக்கமோ மரங்களுக்கிடையில் கேரளச் சோலையாறு அணையின் நீர்ப்பரப்பு மின்னுகிறது. அன்று கரையின் செம்மண் தெரியாமல் தண்ணீர் மரத்தடி வரைக்கும் நின்றது. பிப்ரவரி முதல் தேதிக்கு ஒரு சில நாள்தான் பாக்கி. பிறகு அதுவும் மறைந்து, மேலே கிளைகள் கூடி, பகலிலேயே வெளிச்சம் மங்குகிறது. ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டால் ஈர மண்ணும் அழுகும் இலையும் கலந்த வாசனை. அடிமரங்கள் பலகை போல விரிந்து நிற்கின்றன. ஒவ்வொரு மரத்தின் மேலும் இன்னொரு தோட்டம்: பாசி, பன்னம், ஆர்க்கிட், பெயர் தெரியாத கொடிகள்.

"பிரேக்கை மிதிச்சுக்கிட்டே இறங்காத கண்ணு. ரெண்டாவது கியர்ல போடு, இன்ஜினே பிடிச்சுக்கும்" என்றார் மாமா. மலை இறக்கத்தில் பிரேக்கையே நம்பினால் லைனிங் சூடாகி, ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும், ஏனென்றால் ஏற்றத்தில் நின்ற வண்டியை மறுபடி கிளப்புவது கஷ்டம். வளைவில் ஒரு சின்ன ஹாரன் போதும். முன்னால் போகிறவர் நின்றால் காரணம் இருக்கும். தாண்டிப் போகக் கூடாது. இது எல்லா மலைக்கும் பொதுவான பாடம். இந்தச் சாலைக்கென்று இன்னொன்று உண்டு. புதிதாக ஒடிந்த மூங்கிலோ, சாலையில் ஆவி பறக்கும் யானைப் பிண்டமோ கண்டால் வேகத்தை நடைவேகமாக்க வேண்டும்.

2022 நவம்பரில் நடந்ததைப் பலர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். கபாலி என்று அந்தப் பக்கத்துக்காரர்கள் பெயர் வைத்திருக்கும் ஒற்றை ஆண்யானை, சாலக்குடியிலிருந்து வந்த ஒரு தனியார் பஸ்ஸுக்கு எதிரே வந்து நின்றது. திருப்ப இடமில்லாத சாலை. டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை, வெறிபிடித்து இன்ஜினை முறுக்கவில்லை. அம்பலப்பாறையிலிருந்து ஆனக்கயம் வரை, வளைவுக்கு மேல் வளைவாக, எட்டு கிலோமீட்டர் பஸ்ஸைப் பின்னோக்கியே ஓட்டினார். யானையும் கூடவே நடந்து வந்து ஒரு கட்டத்தில் காட்டுக்குள் திரும்பியது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. முப்பது ஆண்டு லாரி ஓட்டிய மாமா அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தார். "முன்னால ஓட்ட யார் வேணாலும் கத்துக்கலாம். அந்த ஆள் கையைத் தொட்டுக் கும்பிடணும்" என்பார். எனக்கும் அதேதான் தோன்றுகிறது. அந்த இடத்தில் யானையை நகர்த்துவது எப்படி என்று யோசிக்காமல் நாம் நகரலாம் என்று முடிவெடுத்த மனம் பெரிய மனம்.

இரண்டு வளைவு தாண்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். எனக்கு எதுவும் கேட்கவில்லை. இன்ஜினை அணைத்தபிறகு கேட்டது. மேலே யாரோ துருத்தி ஊதுவது போல ஒரு சத்தம், விட்டு விட்டு. பெரிய இருவாச்சி. இறக்கை அடிக்கும் ஓசையே அவ்வளவு தூரம் கேட்கும் பறவை. ஆண் பறவைதான், தனியாகப் பள்ளத்தாக்கைக் கடந்து போனது. இந்தக் காலத்தில் பெண் பறவை பெரிய மரத்தின் பொந்துக்குள் புகுந்து, வாசலை உள்ளிருந்தே பூசி அடைத்துக்கொண்டிருக்கும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டிருக்கும். முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு வளரும் வரை மாதக்கணக்கில் ஆண்தான் அத்திப்பழத்தை விழுங்கிக் கொண்டுவந்து ஒவ்வொன்றாகக் கக்கி ஊட்ட வேண்டும். ஆண் ஏதாவது ஒரு வண்டியில் அடிபட்டாலோ, கூடுள்ள மரம் போனாலோ உள்ளே இருக்கும் குடும்பத்தின் கதி என்ன ஆகும் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். இருவாச்சி குடியிருக்கும் அளவுக்குப் பருத்த பொந்து உள்ள மரத்துக்கு வயது அதிகம். அப்படிப்பட்ட மரங்கள் இந்தப் பள்ளத்தாக்கில் இன்னும் இருப்பதால்தான் தென்னிந்தியாவின் நான்கு வகை இருவாச்சிகளும் வாழச்சால் காட்டில் காணக் கிடைக்கின்றன.

அந்தக் கூடுகளைக் காப்பவர்கள் காடர்கள். ஆனைமலை, பரம்பிக்குளம், வாழச்சால் மூன்றும் அவர்களுடைய பூர்வீகம். தேனும் கருங்குங்கிலியமும் எடுத்துப் பிழைத்த மக்கள். எந்த மரத்தில் எந்தப் பறவை எத்தனை ஆண்டாகக் குடியிருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஒரு காலத்தில் கூட்டிலிருந்து குஞ்சு எடுத்தவர்களே இன்று ஆய்வாளர் அமிதா பச்சன் போன்றவர்களோடு சேர்ந்து கூடுகளைக் கணக்கெடுத்துக் காவல் காக்கிறார்கள். இதே மக்களைத்தான் டிராம் பாதைக்காகவும், பின்னால் ஒவ்வோர் அணைக்காகவும் இடம் மாற்றினார்கள். 1907 முதல் 1963 வரை சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் வரை சுமார் 80 கிலோமீட்டருக்கு ஒரு டிராம் ஓடியது. கொச்சி சமஸ்தானம் தேக்கு மரங்களைக் கீழே இறக்கப் போட்ட பாதை அது. காட்டைக் கடலோடு இணைத்த முதல் பெரிய வழி என்று அதைச் சொல்லலாம். ஒருவழிப் பாதை, மரம் இறங்குவதற்கு மட்டும். மரம் தீர்ந்தது, டிராமும் தீர்ந்தது. 2014இல்தான் வாழச்சால் பகுதியின் ஒன்பது காடர் குடியிருப்புகளுக்கு வன உரிமைச் சட்டப்படி சமூக வன வள உரிமை கிடைத்தது. தங்கள் காட்டைக் காக்கவும் நிர்வகிக்கவும் தங்களுக்கு உரிமை உண்டு என்று ஒரு காகிதம் கையில் வர அவர்களுக்கு இத்தனை காலம் ஆகியிருக்கிறது.

இறங்க இறங்க மின்வாரியத்தின் வேலைகள் தென்படும். மின்நிலையத்துக்குத் தண்ணீரைக் கொண்டு மலைச்சரிவில் இறங்கும் ராட்சத பென்ஸ்டாக் குழாய்கள், மின்கம்பிக் கோபுரங்கள், சோலையாறு மின்நிலையம், அப்புறம் 1957இல் முடிந்த பெரிங்கல்குத்து அணை. மலையில் விளக்கெரிவதும் இதனால்தான், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மின்தேவை அதிகமாகும் மாலை நேரத்தை ஒட்டித் தண்ணீர் திறக்கப்படுவதால், கீழே ஆறு ஒரே நாளில் பெருகுவதும் வற்றுவதுமாக இருக்கிறது. மழையைப் பார்த்து முட்டையிடும் மீனுக்கு இந்த நேரக்கணக்கு தெரியாது.

2018 ஆகஸ்டில் பெரிங்கல்குத்து அணைக்கு மேலேயே தண்ணீர் வழிந்து ஓடியது. வேரோடு பிடுங்கப்பட்ட மரங்கள் வந்து அடைத்துக்கொண்டன. அதைப் பற்றிக் கடற்கரையில் ஒருவர் சொன்னதைப் பிறகு சொல்கிறேன்.

வாழச்சாலில் சீட்டைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தால் உலகம் மாறிவிடும். பார்க்கிங், ஐஸ்கிரீம், தொப்பி, உப்பு மிளகாய் தடவிய மாங்காய். அதிரப்பள்ளி அருவி சுமார் 80 அடி உயரம். தமிழ்ப் படங்களில் எத்தனையோ முறை பார்த்ததுதான். நேரில் நிற்கும்போது காலடிப் பாறை அதிர்கிறது. ஆனால் நான் அங்கே நின்று நினைத்துக்கொள்வது ஏ. லதாவை. வேளாண் அதிகாரி வேலையை விட்டுவிட்டு ஆற்றுக்காக முழுநேரமும் உழைக்க வந்தவர். அருவிக்கு மேலே 163 மெகாவாட் மின்திட்டத்துக்காக அணை கட்ட 1998இல் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதி வந்தது. அதை எதிர்த்து ஊர் மக்களும் காடர்களும் வழக்கும் போராட்டமுமாக நின்றார்கள். அனுமதி ரத்தானது, மறுபடி வந்தது, மறுபடி நீதிமன்றம் போனது. லதாவும் அவருடைய ஆற்று ஆய்வு மையமும் தண்ணீர் எவ்வளவு வருகிறது, திட்டம் சொல்லும் அளவுக்கு மின்சாரம் கிடைக்குமா என்று எண்களை எடுத்து வைத்தே வாதாடினார்கள். வாழச்சால் காடர் தலைவியான கீதா மக்களைத் திரட்டினார். 2011இல் மேற்குத் தொடர்ச்சி மலையை ஆராய்ந்த மாதவ் காட்கில் குழுவும் இந்தத் திட்டம் வேண்டாம் என்றது. லதா 2017 நவம்பரில் இறந்துபோனார். 2020இல்கூட மாநில அரசு திட்டத்துக்கு மறுபடி தடையின்மைச் சான்று கொடுத்தது. அதாவது, இன்று நாம் செல்ஃபி எடுக்கும் இந்தத் தண்ணீர் தானாக விழவில்லை. விழவேண்டும் என்று இருபது ஆண்டுக்கு மேல் சிலர் விடாப்பிடியாக நின்றதால் விழுகிறது.

அதற்குக் கீழே எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள், ரப்பர், தும்பூர்முழி தடுப்பணை. அந்தத் தடுப்பணையிலிருந்து பிரியும் கால்வாய்களில் சுமார் 14,000 ஹெக்டேருக்குப் பாசனம். தென்னை, ஜாதிக்காய், வாழை. பார்த்தால் பொள்ளாச்சியில் நிற்பது போலவே இருந்தது. எங்கள் தோப்புக்கு வரும் அதே மழை, மலையின் இந்தப் பக்கம் இறங்கி இவர்கள் தோப்புக்கும் வருகிறது. சாலக்குடி ஊர், நெரிசல், நான்குவழிச் சாலை. அதைக் கடந்து மாளா. பழைய யூதத் தேவாலயம் ஒன்று கடைத்தெருவோரம் நிற்கிறது. கொடுங்கல்லூரில் பகவதி கோயிலை வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டு நகர்ந்தோம்.

சங்க காலச் சேரர் துறைமுகமான முசிறி இந்தப் பகுதியில்தான் இருந்தது. பக்கத்தில் பட்டணம் என்ற கிராமத்தில் 2007 முதல் தோண்டியபோது ரோமானிய மதுச்சாடிகளின் உடைசல்களும், மிளகும், மரத் தோணி ஒன்றும் கிடைத்தன. மலையில் விளைந்ததையும் கடலில் கிடைத்ததையும் கலந்து வருகிறவர்க்குக் கொடுக்கும் இடம் என்று பரணர் இந்த ஊரைப் பாடியிருக்கிறார். அந்த மிளகு இறங்கி வந்த காட்டுப் பாதை எது என்று எவரும் காட்ட முடியாது. ஆனால் காலையிலிருந்து அந்த ஈரத்துக்குள்ளேயே இறங்கி வந்தவளுக்கு அது ஏட்டுச் செய்தியாகப் படவில்லை.

சாலக்குடி ஆறு கடலைத் தன் பெயரில் தொடுவதில்லை. 145 கிலோமீட்டர் ஓடி இளந்திக்கரையில் பெரியாற்றோடு கலந்து, முனம்பத்துக்கும் அழீக்கோட்டுக்கும் நடுவே முகத்துவாரத்தில் சேர்கிறது. நாங்கள் அழீக்கோட்டில் இறங்கியபோது வெயில் சாய்ந்திருந்தது. சீனவலைகள், மீன்பிடிப் படகுகள், கருவாட்டு வாசனை. வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் மாமா தன் எஸ்டேட் மலையாளத்தில் பேச்சுக் கொடுத்தார். "எவிடுந்நா சேட்டா?" என்று கேட்டார் அவர். வால்பாறை என்றதும் ஊசியைக் கீழே வைத்துவிட்டார்.

2018 வெள்ளத்தில் அவர் தன் படகை லாரியில் ஏற்றிச் சாலக்குடிக்குக் கொண்டுபோனவர். கடலோர ஊர்களிலிருந்து அப்படிப் போன மீனவர்கள் ஆயிரக்கணக்கானவர்களை மீட்டதைக் கேரளமே கொண்டாடியது. அவர் அதைப் பெரிதாகப் பேசவில்லை. கூரை மட்டத்தில் படகு ஓட்டியபோது அடியில் மதில் சுவர் உரசியதையும், எங்கே தெரு எங்கே ஆறு என்று தெரியாமல் மின்கம்பங்களைப் பார்த்து வழி பிடித்ததையும் சொன்னார். தண்ணீர் வடிந்தபின்னும் முகத்துவாரத்தில் பல நாள் காட்டு மரங்கள் மிதந்து வந்து வலையைக் கிழித்தனவாம். வேரோடு, பட்டையோடு, சிலவற்றில் ஆர்க்கிட்டோடு. என்ன மரம் என்று மாமா விசாரித்தார். அவருக்குப் பெயர் தெரியவில்லை. நிறத்தையும் பட்டையையும் சொல்லச் சொல்ல மாமா ஒவ்வொரு பெயராக எடுத்து வைத்தார். பாதி தமிழில், பாதி மலையாளத்தில் அந்தப் பேச்சு நீண்டது.

பிறகு அவர் கேட்டார்: மேலே கேரளச் சோலையாறு அணையில் தண்ணீர் எப்படி இருக்கிறது?

மீனவருக்கு எதற்கு அந்தக் கவலை என்று நான் நினைத்தது முகத்தில் தெரிந்திருக்க வேண்டும். விளக்கினார். அவருடைய அக்கா குடும்பம் ஆற்றுக்கு மேல்பக்கம் புத்தன்வேலிக்கரையில் விவசாயம் செய்கிறது. கோடையில் ஆற்றில் நீர்வரத்து குறைந்தால் கடலின் உப்பு உள்ளே ஏறிவரும். அதைத் தடுக்கத்தான் கணக்கன்கடவில் ஷட்டர் போட்ட பாலம் கட்டியிருக்கிறார்கள். மேலிருந்து நல்ல தண்ணீர் வந்து தள்ளாவிட்டால் கிணறும் கரிக்கும், வாழையும் கருகும். முகத்துவாரத்தில் மீன் வருவதும் போவதும்கூட நல்ல தண்ணீர் வரும் அளவைப் பொறுத்துத்தான் என்றார். கடலுக்குப் போகும் தண்ணீர் வீண் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் யாரும் இந்தக் கரையில் நின்று பார்த்ததில்லை.

"நெறஞ்சு நிக்குது" என்றார் மாமா. "காலையில பார்த்தோம். கரையில செம்மண்ணே தெரியல, மரத்தடி வரைக்கும் தண்ணி."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அக்காவைக் கூப்பிட்டார். மலையிலிருந்து ஆட்கள் வந்திருக்கிறார்கள், அணை நிறைந்திருக்கிறதாம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டு, அந்தப் பக்கம் நம்பவில்லை போலிருக்கிறது, போனை மாமாவிடமே நீட்டினார்.